முதலை வாயிலிருந்து மீண்ட பின்

அவிநாசிக்காரர்களிடம் ஊர்ப் பெருமை கேட்டால் கோயிலையும் தேரையும் சொல்லிவிட்டுச் சுந்தரர் கதைக்கு வந்துவிடுவார்கள். ஊருக்குள் வந்த சுந்தரருக்கு ஒரு வீட்டில் மங்கல ஒலியும் எதிர்வீட்டில் அழுகையும் கேட்கின்றன. மங்கல வீட்டில் பையனுக்குப் பூணூல் சடங்கு. அவனோடு குளத்துக்குக் குளிக்கப் போய் முதலைக்கு இரையான தோழன் உயிரோடு இருந்திருந்தால், எதிர்வீட்டிலும் அன்று விசேஷம்தான். சுந்தரர் பதிகம் பாடுகிறார். முதலை பிள்ளையைக் கரையில் உமிழ்கிறது. இதில் மருத்துவம் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. விழுங்கப்பட்ட வயதிலேயே பிள்ளை திரும்பவில்லை, இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு திரும்பினான் என்கிறது பெரியபுராணம். உயிர் திரும்பினால் மட்டும் போதாது, அதைச் சுமக்கிற உடம்பும் சேர்ந்து திரும்ப வேண்டும் என்பது கதை சொன்னவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

தீவிர சிகிச்சைப் பிரிவு, நம் வாயில் வழங்குகிறபடி ஐ.சி.யூ., உயிரைத் திருப்பித் தருவதைக் கற்றுக்கொண்டு எழுபது ஆண்டுகள் ஆகின்றன. உடம்பையும் சேர்த்துத் திருப்பித் தர அது கற்கத் தொடங்கிச் சுமார் இருபது ஆண்டுகள்தான் ஆகின்றன. இந்த அத்தியாயம் அந்த இரண்டாவது பாடத்தைப் பற்றியது.

நெடுஞ்சாலையிலிருந்து கட்டிலுக்கு

சேலத்திலிருந்து கோவை வழியாகக் கொச்சிக்குப் போகும் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அவிநாசியைத் தொட்டுச் செல்கிறது. 2020 பிப்ரவரி 20 அதிகாலையில், பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் போய்க்கொண்டிருந்த கேரள அரசுப் பேருந்தின் மீது, எதிர்த்திசையில் வந்த கன்டெய்னர் லாரி நடுத்தடுப்பைத் தாண்டி மோதியது இந்த ஊர்ப் பக்கத்தில்தான். 19 பேர் இறந்தார்கள். செய்தியாகாத சிறு விபத்துகள் இந்தச் சாலையில் எத்தனையோ. அடிபட்டவர்களை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ்கள் ஓடுவது திருப்பூருக்கு, இல்லையென்றால் கோவைக்கு. கோவைக்குள் நுழைந்ததும் இதே வழி ‘அவிநாசி ரோடு’ என்று பெயர் பெறுகிறது, கே.எம்.சி.எச்., பி.எஸ்.ஜி. போன்ற பெரிய மருத்துவமனைகள் அதன் ஓரத்திலேயே இருக்கின்றன.

ஒரு நோயாளியைக் கற்பனை செய்துகொள்வோம். திருப்பூர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், வயது 42. பைக்கில் போனவர் லாரியில் மோதி விலா எலும்புகள் முறிந்து, நுரையீரல் கன்றிப்போய், ஒன்பது நாள் வென்டிலேட்டரில் இருக்கிறார். பிழைத்துக்கொள்கிறார். வார்டுக்கு மாற்றிய அன்று மனைவி டம்ளரில் வெந்நீர் கொடுக்கிறார். விரல்கள் டம்ளரைப் பிடிக்கின்றன. கை வாய்வரை வரவில்லை. கட்டிலில் எழுந்து உட்கார இரண்டு பேர் தாங்க வேண்டியிருக்கிறது. “ஆளே பாதியாப் போயிட்டாருங்க” என்று மனைவி போனில் சொல்கிறார். கையிலோ காலிலோ எலும்பு எதுவும் முறியவில்லை, மூளையிலும் அடியில்லை. பின் எங்கே போயிற்று அந்தப் பலம்?

கரைகிற தசை

நம் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எலும்போடு ஒட்டிய தசை. அது கட்டி முடித்த சுவரைப் போல அப்படியே நிற்பதில்லை. தசையின் புரதம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் சிதைந்து, கொஞ்சம் புதிதாகக் கட்டப்படுகிறது. தோட்டத்துக் கிணற்றில் ஊற்று ஊறுவதும் மோட்டார் இறைப்பதும் ஒத்துப்போகும்வரை நீர்மட்டம் நிற்கிறதல்லவா, அதே கணக்கு. கடும் நோயில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கெடுகிறது. அசைவு நின்றுபோனதால் ஊற்று வற்றுகிறது. கிருமியோடு போராடவும் காயத்தை ஆற்றவும் சர்க்கரை தயாரிக்கவும் உடலுக்கு அமினோ அமிலங்கள் அவசரமாகத் தேவைப்படுவதால், மோட்டார் இரவுபகலாக ஓடுகிறது.

மட்டம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதை லண்டனில் சுதின் புதுச்சேரி என்ற மருத்துவரின் குழு அளந்தது. 63 நோயாளிகளின் தொடைத் தசையை அல்ட்ராசவுண்டில் மீண்டும் மீண்டும் பார்த்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். பத்தே நாளில் அந்தத் தசையின் குறுக்களவு சராசரியாக 17.7 சதவீதம் குறைந்திருந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்புகள் செயலிழந்தவர்களிடம் இழப்பு இன்னும் அதிகம்.

மூச்சுத் தசையான உதரவிதானத்தின் நிலை இன்னும் மோசம். வென்டிலேட்டர் முழு வேலையையும் தானே செய்யும்போது உதரவிதானத்துக்கு வேலையே இல்லை. மூளைச்சாவு அடைந்து உறுப்பு தானம் தந்தவர்களின் உதரவிதானத்தை ஆராய்ந்த 2008ஆம் ஆண்டு ஆய்வொன்றில், 18 முதல் 69 மணி நேரம் சும்மா இருந்ததிலேயே அதன் இழைகளின் பருமன் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. வென்டிலேட்டரைக் கழற்றினால் நோயாளி மூச்சிரைப்பதற்கு நுரையீரல் மட்டும் காரணமில்லை என்பது இதிலிருந்து புரிந்தது.

நரம்பும் தப்பவில்லை. கனடாவின் சார்ல்ஸ் போல்டன் 1984இல் ஐந்து நோயாளிகளைப் பற்றி எழுதினார். கிருமித் தொற்று உடலெங்கும் பரவி, பல உறுப்புகள் செயலிழந்தவர்கள் அவர்கள். நரம்புகளே சேதமடைந்திருந்ததால் அவர்களை வென்டிலேட்டரிலிருந்து விடுவிப்பது கடினமாக இருந்தது. தசையும் நரம்பும் சேர்ந்து கெடுகிற இந்த நிலையை இப்போது ‘ஐ.சி.யூ.வில் வந்த பலவீனம்’ என்கிறார்கள். கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். தோளைத் தூக்குவது, முழங்கையை மடக்குவது, மணிக்கட்டை நிமிர்த்துவது, தொடையைத் தூக்குவது, முழங்காலை நீட்டுவது, பாதத்தை மேலே வளைப்பது என ஆறு அசைவுகள். இரு பக்கமும் சேர்த்துப் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண், மொத்தம் 60. நோயாளி 48க்குக் கீழே வாங்கினால் அந்தப் பலவீனம் இருக்கிறது என்று பொருள்.

வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டால் தேறிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கனடாவின் டொரன்டோவில் மார்கரெட் ஹெரிஜ், நுரையீரல் கடுமையாகச் சேதமடைந்து பிழைத்த 109 பேரைத் தொடர்ந்து பார்த்தார். ஐ.சி.யூ.வை விட்டு வெளியே வந்தபோது அவர்கள் எடையில் 18 சதவீதத்தை இழந்திருந்தார்கள். ஓராண்டில் நுரையீரல் ஏறக்குறையப் பழைய நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் ஆறு நிமிடத்தில் நடந்த தூரம், நடந்திருக்க வேண்டிய தூரத்தில் 66 சதவீதம்தான். ஏறக்குறையப் பாதிப் பேரால் வேலைக்குத் திரும்ப முடியவில்லை. நாள் முழுக்க மேசை முன்னே நின்று துணி வெட்டுகிற நம் கட்டிங் மாஸ்டருக்கு இந்தக் கணக்கின் பொருள் சம்பளம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், மாதத் தவணை.

யார் படுக்க வைத்தார்கள்?

‘நல்லா ரெஸ்ட் எடுங்க’ என்பது மருத்துவத்தின் மிகப் பழைய மருந்துச் சீட்டு. இரண்டாம் உலகப்போர்க் காலம் வரை, பிரசவமோ அறுவை சிகிச்சையோ முடிந்தவர்களை வாரக்கணக்கில் படுக்க வைப்பது மேற்கத்திய மருத்துவமனைகளில் சாதாரணம். 1944இல் அமெரிக்காவின் வில்லியம் டாக்கும், 1947இல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் ஆஷரும் படுக்கையே நோயாக மாறுவதை எடுத்துச் சொன்னார்கள்: காலில் ரத்தம் உறைகிறது, எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து வெளியேறுகிறது, முதுகில் புண் வருகிறது, மனம் சோர்கிறது. மெல்ல மெல்ல, அறுவை சிகிச்சை முடிந்த மறுநாளே நடக்க வைக்கும் பழக்கம் வந்தது.

இந்த மாற்றத்துக்கு ஐ.சி.யூ. மட்டும் நெடுங்காலம் விலக்காக இருந்தது. அது பிறந்த கதையோ வேறு மாதிரி. 1952இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனைப் போலியோ தாக்கியபோது, பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர், கழுத்தில் துளையிட்டு டியூப் வைத்துக் கையால் பையை அழுத்திக் காற்றைச் செலுத்தச் சொன்னார். சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறை போட்டுக்கொண்டு பையை அழுத்தினார்கள். அந்த நோயாளிகள் பெரும்பாலும் விழித்திருந்தவர்கள். பிறகு இயந்திரங்கள் பெருகின. அவற்றின் தாளத்துக்கு நோயாளியின் மூச்சு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக மயக்க மருந்தும் பெருகியது. ஆழ்ந்த மயக்கத்தில் அசையாமல் கிடப்பவரே நல்ல நோயாளி என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது.

அதை முதலில் அசைத்தது சிகாகோ. ஜான் கிரெஸ் குழுவினர் தினமும் ஒருமுறை மயக்க மருந்தை நிறுத்தி நோயாளியை விழிக்க வைத்துப் பார்த்தார்கள். 2000இல் வந்த முடிவின்படி, வழக்கமான முறையில் 7.3 நாள் தேவைப்பட்ட வென்டிலேட்டர், விழிக்க வைத்தவர்களுக்கு 4.9 நாளே போதுமானதாக இருந்தது. விழித்த மனிதரிடம் பேசலாம், பேசினால் கையைத் தூக்கச் சொல்லலாம். இயன்முறை சிகிச்சைக்கு அப்போதுதான் வழி திறந்தது.

டியூபோடு நடந்தவர்கள்

அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் பாலி பெய்லி என்ற செவிலியர், வென்டிலேட்டர் டியூப் வாயில் இருக்கும்போதே நோயாளிகளை எழுப்பி நடக்க வைத்தார். 103 நோயாளிகள், 1,449 முறை உட்கார்தல், நாற்காலிக்கு மாறுதல், நடத்தல் என்று 2007இல் கணக்குத் தந்தபோது, அசம்பாவிதம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அந்தப் பிரிவை விட்டுப் போகும்போது மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவர்கள் நூறு அடிக்கு மேல் நடந்தார்கள்.

அடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வு வந்தது. வில்லியம் ஷ்வைக்கர்ட் குழு 104 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு குழுவுக்கு டியூப் போட்ட ஒன்றரை நாளிலேயே பயிற்சி தொடங்கியது; மற்றொரு குழுவுக்கு அன்றைய வழக்கப்படி ஏழு நாளுக்குப் பிறகு. 2009இல் வெளியான முடிவு இது: மருத்துவமனையை விட்டுப் போகும்போது குளிக்க, உடுத்த, உண்ண, நடக்கப் பிறர் உதவி தேவைப்படாதவர்கள் முதல் குழுவில் 59 சதவீதம், இரண்டாவதில் 35. நேரம், இடம், ஆள் தெரியாமல் பிதற்றும் மனக்குழப்பம் நான்கு நாளிலிருந்து இரண்டு நாளாகக் குறைந்தது.

கட்டிலருகே என்ன நடக்கிறது?

இயன்முறை சிகிச்சையாளரை, அதாவது பிசியோவை, பலரும் வலிக்க வலிக்கக் காலை மடக்குகிறவர் என்று நினைக்கிறார்கள். ஐ.சி.யூ.வில் அவர் முதலில் பார்ப்பது காலை அல்ல, மானிட்டரை. வென்டிலேட்டர் தரும் ஆக்சிஜன் 60 சதவீதத்துக்குள் இருக்கிறதா, ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து குறைந்த அளவில் நிலையாக ஓடுகிறதா, எங்காவது ரத்தக்கசிவு உண்டா, முதுகெலும்பில் முறிவு இல்லை என்று உறுதியாகிவிட்டதா, மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கிறார். விபத்தில் அடிபட்டவருக்குக் கடைசி இரண்டும் மிக முக்கியம். விலா முறிந்தவருக்கு வலியை அடக்காமல் பயிற்சி தொடங்கினால் அவர் மூச்சையே பாதியாக இழுப்பார்.

பிறகுதான் பேச்சு. “ஏனுங்ணா, கேக்குதுங்களா? கண்ணத் தொறங்க. என்னப் பாருங்க. வாயத் தொறந்து நாக்க நீட்டுங்க. தலைய ஆட்டுங்க. புருவத்தத் தூக்குங்க.” இந்த ஐந்துக்கும் ஒத்துழைத்தால் நோயாளி விழித்திருக்கிறார், அவரே அசைய முயலலாம். ஒத்துழைக்க முடியாதவருக்கு மூட்டுகள் இறுகாதபடி சிகிச்சையாளரே கைகால்களை அசைத்துக் கொடுக்கிறார். அடுத்த படி, படுத்தபடியே முட்டியை மடக்கி நீட்டுவது. அதற்கடுத்து, கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்வது. பிறகு நாற்காலி, நிற்பது, நின்ற இடத்தில் கால் மாற்றுவது, நடை. டியூபைப் பிடிக்க ஒருவர், குளுக்கோஸ் லைன்களைப் பார்க்க ஒருவர், இடுப்பைத் தாங்க ஒருவர் என்று குறைந்தது மூன்று பேர் சேர்ந்து செய்கிற வேலை இது.

கட்டில் ஓரத்தில் ஐந்து நிமிடம் உட்கார்வது பார்ப்பவருக்குச் சாதாரணம். உடம்புக்குள் அது பெரிய நிகழ்ச்சி. வயிற்று உறுப்புகள் கீழிறங்கி உதரவிதானத்துக்கு இடம் கிடைக்கிறது, நுரையீரலின் அடிப்பகுதி விரிகிறது, சளி நகர்கிறது. ரத்தம் காலுக்கு இறங்குவதால் இதயமும் ரத்தக்குழாய்களும் அழுத்தத்தைச் சரிசெய்யும் பழைய பழக்கத்தை மீட்டுக்கொள்கின்றன. முதுகும் கழுத்தும் தலையைத் தாங்க வேலை செய்கின்றன. இத்தனை நாள் கூரையை மட்டும் பார்த்தவர் எதிரே நிற்கும் முகங்களைப் பார்க்கிறார். பகலா இரவா என்பது தெரிகிறது.

மருந்துக்கு அளவு உண்டு

இப்படிச் சொன்னதும், அதிகம் செய்தால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். அறிவியல் அதையும் சோதித்தது. பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் நோயாளிகளை அடிக்கடி எழுப்பி நடமாட வைத்த ‘அவெர்ட்’ ஆய்வு, 2,104 பேரைக் கொண்டு 2015இல் முடிந்தது. மூன்று மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்கள் தீவிரப் பயிற்சிக் குழுவில் 46 சதவீதம், வழக்கமான சிகிச்சைக் குழுவில் 50. எதிர்பார்த்ததற்கு நேர்மாறு.

ஐ.சி.யூ. நோயாளிகளுக்கு அந்தக் கேள்வியைக் கேட்டது ஆஸ்திரேலியாவின் கேரல் ஹாட்ஜ்சன் தலைமையில் ஆறு நாடுகளில் நடந்த ‘டீம்’ ஆய்வு. 2022இல் வெளியான இதில் 750 நோயாளிகள். ஒரு குழுவுக்கு நாளுக்கு 20.8 நிமிடம் பயிற்சி, மற்றதற்கு 8.8 நிமிடம். ஆறு மாதத்தில் உயிரோடு மருத்துவமனைக்கு வெளியே கழித்த நாட்கள் முறையே 143, 145. வேறுபாடு இல்லை என்றே கொள்ள வேண்டும். ஆனால் இதயத்துடிப்புத் தடுமாற்றம், அழுத்த மாற்றம், ஆக்சிஜன் குறைவு போன்ற பாதிப்புகள் அதிகப் பயிற்சிக் குழுவில் 9.2 சதவீதம், மற்றதில் 4.1.

அப்படியானால் 2009இன் முடிவு பொய்யா? இரண்டு ஆய்வுகளிலும் எதை எதோடு ஒப்பிட்டார்கள் என்று பார்த்தால் முரண்பாடு பெரும்பாலும் கரைகிறது. 2009 ஆய்வில் எதிரணியில் இருந்தவர்கள் ஒரு வாரம் ஏறக்குறைய அசையாமலே கிடந்தார்கள். 2022 ஆய்விலோ ‘வழக்கமான சிகிச்சை’ பெற்றவர்களும் தினமும் ஒன்பது நிமிடம் அசைந்தவர்கள். பதின்மூன்று ஆண்டுகளில் வழக்கமே மாறிவிட்டிருந்தது. ஒன்றுமே செய்யாததற்கும் கொஞ்சம் செய்வதற்கும் இடையிலான பலன் பெரிது. கொஞ்சத்துக்கும் மிகுதிக்கும் இடையில் பலன் கூடவில்லை, ஆபத்து கூடியது. 2023இல் சிகாகோவிலிருந்தே பக்தி படேல் குழு 200 பேரை ஓராண்டு தொடர்ந்து பார்த்துச் சொன்னது: சீக்கிரம் பயிற்சி பெற்றவர்களில் 24 சதவீதத்தினருக்கே சிந்தனைத் திறனில் குறை இருந்தது, தாமதமாகப் பெற்றவர்களில் 43 சதவீதத்தினருக்கு. தசைக்காகத் தொடங்கிய சிகிச்சை மூளையையும் காத்திருக்கிறது.

புரதத்தை ஏற்றிக் கொடுத்தால் போதாதா என்ற கேள்விக்கும் 2023இல் பதில் வந்தது. சுமார் 1,300 நோயாளிகளிடம் கூடுதல் புரதம் கொடுத்துப் பார்த்ததில் அவர்கள் சீக்கிரம் வீடு திரும்பவில்லை. உணவு அவசியம், அசைவு இல்லாமல் உணவு மட்டும் தசையாக மாறுவதில்லை.

நம் பக்கத்து நோயாளிகள்

இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை வெளிநாட்டில் நடந்தவை. நம் ஐ.சி.யூ.க்களில் இருப்பவர்கள் எல்லோரும் அந்த நோயாளிகளைப் போன்றவர்கள் அல்ல. விவசாயப் பகுதியாதலால் பூச்சிமருந்து நஞ்சேறியவர்களும் கட்டுவிரியன் கடிபட்டவர்களும் இங்கே வென்டிலேட்டருக்கு வருகிறார்கள். பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்தில், முதல் ஆபத்து தீர்ந்த பிறகு, நஞ்சேறிய ஒன்று முதல் நான்கு நாளுக்குள் கழுத்தும் தோளும் இடுப்பும் மூச்சுத் தசையும் திடீரெனத் தளரும் ஒரு கட்டம் உண்டு. இலங்கையில் சேனநாயக்க, கரலியத்த ஆகிய மருத்துவர்கள் 1987இல் இதை விவரித்தார்கள். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை என்றால் அதுவே முன்னறிவிப்பு. இந்தத் தளர்ச்சி நரம்பும் தசையும் சேரும் இடத்தில் நஞ்சு செய்யும் வேலை. பயிற்சியால் அதை விரட்ட முடியாது. அந்த நாட்களில் மூட்டைக் காப்பதும், சளியை வெளியேற்றுவதும், படுக்கைப்புண் வராமல் திருப்பிப் போடுவதுமே பிசியோவின் வேலை. தசை விழித்ததும் பயிற்சி தொடங்கும்.

மறுவாழ்வு மருத்துவம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், நியூயார்க்கில் பயிற்சி பெற்றுத் திரும்பி, வேலூர் சி.எம்.சி.யில் அந்தத் துறையை வளர்த்தார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் எழுந்தது. ஆனால் நோய் தீர்ந்த பிறகு வருவது மறுவாழ்வு என்ற எண்ணமே பொதுவாக நிலவியது. அரசுத் திட்டங்களிலும் அந்த இடைவெளி தெரிகிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ விபத்துக்குள்ளானவரின் முதல் 48 மணி நேரத்தைப் பார்த்துக்கொள்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இயன்முறை சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. இரண்டுமே நல்ல திட்டங்கள். முதல் 48 மணி நேரத்துக்கும் வீட்டு வாசலுக்கும் இடையில் கழிகிற ஐ.சி.யூ. நாட்களில்தான் தொடைத் தசை 17.7 சதவீதம் கரைகிறது.

அந்த நாட்களை நிரப்ப விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. மயக்க மருந்தைக் குறைக்கும் துணிவு, ஐ.சி.யூ.வுக்கென்றே ஒதுக்கப்பட்ட பிசியோ, அவரோடு சேர்ந்து நிற்கும் செவிலியர்கள், வலிக்கு மருந்து, சாய்நாற்காலி. கோவையில் இயன்முறைக் கல்லூரிகள் பல உண்டு. படித்து வெளிவருகிற பிள்ளைகளை வெளிநோயாளர் பிரிவின் ஓர் அறையிலேயே நிறுத்தாமல், ஐ.சி.யூ. குழுவில் மருத்துவருக்கும் செவிலியருக்கும் பக்கத்தில் நிறுத்த வேண்டும்.

வெளியே காத்திருக்கும் உறவினர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பார்வை நேரத்தில் மருத்துவரிடம் நாம் வழக்கமாகக் கேட்பது ‘பிழைச்சுக்குவாருங்களா?’ என்பதுதான். அதோடு இன்னும் நான்கு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்று மயக்க மருந்தைக் குறைத்துப் பார்த்தார்களா? பிசியோ வந்தாரா? உட்கார வைக்கலாமா, இன்று முடியாதென்றால் எது தடுக்கிறது? நாங்கள் அவர் கையைப் பிடித்துப் பேசலாமா, மூக்குக் கண்ணாடியையும் காது மெஷினையும் கொண்டுவரலாமா? இன்று வேண்டாம் என்று மருத்துவர் காரணம் சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள். மறுநாள் மறுபடியும் கேளுங்கள். நோயாளியை நீங்களாகவே எழுப்ப மட்டும் முயலாதீர்கள். நல்ல ஐ.சி.யூ. இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படாது, ஏனென்றால் அது தினமும் காலையில் தன்னைத்தானே கேட்டுக்கொள்கிற கேள்விகளும் இவைதான்.